அம்மாவின் கோடு

பிப்ரவரி 4

என் வாலுக்கு,

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. கூரியர்காரர் வாசலில் நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. எனக்கு மட்டும் கேட்கவில்லை. காலமெல்லாம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகரம் அடித்தவனுடைய காது வேறெப்படி இருக்கும்? அதனால்தான் போன் வேண்டாம், கடிதம் எழுது என்கிறேன். போனில் நீ ஒன்று கேட்க, நான் ஒன்று சொல்ல, நடுவில் மாப்பிள்ளை சிரிக்க, எதற்கு அந்தக் கூத்து?

ராடார் அனுப்புகிறேன் என்றாய். விமான நிலையத்தில் கூரைமேல் சுற்றிக்கொண்டே இருக்குமே, அந்தப் பெரிய தட்டு என்று நினைத்து ஓர் ஏணியை இரவல் வாங்கி வைத்திருந்தேன். பிரித்தால் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒன்று. ஏணிக்காரரிடம் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எலக்ட்ரீஷியன் ஃபியூஸ் வந்து அதை அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினார். அவர் வீட்டில் எப்போதும் ஃபியூஸ் போயிருக்கும், அதனால் அந்தப் பெயர். மாட்டிவிட்டு என் காதோரம் வாயை வைத்து, "அண்ணே, இது கேமராதான். பேரை மாத்தி விக்கிறாங்க" என்றார்.

"என் பொண்ணு பொய் சொல்ல மாட்டா."

"பொண்ணு சொல்ல மாட்டாண்ணே. கம்பெனி சொல்லும்."

அவர் போனதும் பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பக்கவாதம் வந்து பேச்சும் வலது பக்கமும் போனதிலிருந்து அவளைத் துடைத்துவிடுவதும் துணி மாற்றுவதும் நான்தான். தலைமுடி கலைந்திருந்தால் தபால்காரர் முன்னால்கூட வராதவள் உன் அம்மா. அவளை ஒரு பெட்டி முன்னால் எப்படிக் கிடத்துவேன்? துண்டு போட்டதைப் பார்த்து அவள் பாதி வாயால் சிரித்தாள். சிரித்தது துண்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை.

கண் இல்லாமல் அது எப்படிப் பார்க்கும்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. நான் எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். அந்த வகுப்புவரைக்கும் எனக்கு அத்துப்படி.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். நான் அவளைப் பார்த்துக்கொள்வதில் உனக்கு நம்பிக்கை இல்லையா? அதற்காகத்தான் வீட்டுக்குள் போலீஸ் வைத்தாயா?

குழந்தை பிறக்கும்வரை படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கட்டும். போன முறை நடந்தது போதும்.

உன் அப்பா


பிப்ரவரி 13

அப்பா,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன். எழுத்து ஒரு பக்கமாகச் சரியும்.

அது கேமரா இல்லை. ஃபியூஸ் மாமாவிடம் சொல்லுங்கள். பெட்டி ஓர் அலையை அனுப்புகிறது. கண்ணுக்குத் தெரியாது, சுடாது. அது சுவரிலும் கட்டிலிலும் அம்மாமேலும் பட்டுத் திரும்பி வருகிறது. போய்வர எடுத்த நேரத்தை வைத்து, எதிரே இருப்பது எவ்வளவு தூரத்தில் என்று பெட்டி கணக்குப் போடுகிறது. விமான நிலையத்துத் தட்டு செய்வதும் இதேதான். அது தேடுவது மேகத்துக்குள் இருக்கும் விமானத்தை. இது தேடுவது ஒரு மூச்சை.

சுவரும் கட்டிலும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்லும். மாறாத பதில்களையெல்லாம் பெட்டி கழித்துவிடும். கழித்த பிறகு மிஞ்சுவது அசைவது மட்டும். மூச்சை இழுக்கும்போது அம்மாவின் மார்பு சில மில்லிமீட்டர் பெட்டியை நோக்கி வருகிறது, விடும்போது விலகுகிறது. திரும்பி வரும் அலையில் அந்தச் சின்ன மாற்றம் தெரிகிறது. இணையம் வழியாக என் திரையில் அது ஒரு கோடாக ஏறி இறங்குகிறது. முகம் கிடையாது, உடம்பு கிடையாது, உடை கிடையாது. கோடு மட்டும்தான்.

உங்கள் துண்டைப் பற்றி. இந்த அலை துணிக்குள் புகுந்து போய்விடும். துண்டு போட்ட நாளிலிருந்து எனக்குக் கோடு வந்துகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் மறைத்து வைத்தது அதன் பச்சை விளக்கை. ஆனால் தகரம் எதையும் முன்னால் வைத்துவிடாதீர்கள், தகரத்தைத் தாண்டி அது போகாது. உங்களை எனக்குத் தெரியும், அதனால் சொல்கிறேன். சீலிங் ஃபேனையும் அணைத்து வையுங்கள். ஃபேன் சுற்றினால் அதுவும் அசைவுதானே, கோடு குழம்புகிறது.

ராடாருக்குத் தெரியாததும் உண்டு. அசைகிற ஒன்று அங்கே இருக்கிறது என்று சொல்லும். அது யார் என்று சொல்லாது. சூட்டை அளக்கும் கருவி, உடம்பு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சொல்லும். மூச்சு எப்படி என்று கேட்டால் விழிக்கும். கேமராவுக்கு முகம் தெரியும், இருட்டில் அது குருடு. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் குருடாக இருப்பதால்தான் இந்தக் கருவிகளைச் செய்யும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒன்று சொன்னதை இன்னொன்றிடம் போய் விசாரிக்கிறோம். பெட்டியோடு வந்த மற்ற சாமானைப் பற்றிக் குறிப்புத்தாளில் இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

போலீஸ் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் அங்கே வர முடியாது. அம்மாவால் பேச முடியாது. உங்களுக்குக் காது கேட்காது. நம் மூன்று பேருக்கும் நடுவில் ஒழுங்காக வேலை செய்வது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதை மூடாதீர்கள்.

உங்கள் மகள்


பிப்ரவரி 22

என் வாலுக்கு,

துண்டை எடுத்துவிட்டேன். போலீஸ் என்று எழுதியதையும் திரும்ப எடுத்துக்கொண்டேன். பெரியவர்கள் பேசினால் கொஞ்சம் அப்படி இப்படி வரும்.

உன் கடிதத்தை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். எனக்குக் கேட்கிற அளவுக்குப் படித்தால் தெருவுக்கே கேட்கும், அதனால் இப்போது நம் தெருவில் எல்லோருக்கும் ராடார் தெரியும். ஃபியூஸ் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "துணிக்குள்ள போகுதுன்னா கேமராவை விட மோசம்ண்ணே" என்கிறார். அதற்குப் பதிலை நீ அடுத்ததில் எழுது.

ஃபேனை அணைத்தாயிற்று. விஞ்ஞானத்துக்காக உன் அப்பா வியர்த்துக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கு விசிறி வைத்து வீசலாம் என்று பார்த்தால் விசிறியும் அசையும், என் கையும் அசையும். கடைசியில் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

படித்து முடித்ததும் அவள் இடது கையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்து விரல்களை ஆட்டினாள். சின்ன வயதில் நீ பள்ளி வேனில் ஏறும்போது ஆட்டுவாளே, அதே மாதிரி. உன் கோட்டில் அது ஏறியதா?

குறிப்புத்தாளைப் படித்தேன். எழுத்தெல்லாம் எறும்பு. ரப்பர் விரிப்பு ஒன்று இருந்தது. மெத்தை நழுவாமல் இருக்கத்தான் என்று புரிந்துகொண்டு அடியில் போட்டுவிட்டேன். சரிதானே?

அம்மாவுக்குக் கொஞ்சம் சளி. இருமுகிறாள். பயப்பட ஒன்றும் இல்லை.

உன் அப்பா


மார்ச் 3

அப்பா,

விரிப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். அம்மா கையை ஆட்டியதும் எனக்கு வந்தது. அது கை என்று தெரியாமல் கோடு தறிகெட்டு ஆடுவதைப் பார்த்துப் பயந்து இவரைக் கூப்பிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அந்த நாளின் பதிவைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஒரு நல்ல சேதி. நீங்கள் சளி என்று எழுதிய சமயத்தில் கோடு சின்னச் சின்னப் பற்கள் மாதிரி, அவசர அவசரமாக வந்தது. எனக்கும் தலை கனத்துக்கொண்டே இருந்தது. இப்போது கொஞ்ச நாளாக இரவெல்லாம் ஆழமாக, நிதானமாக ஏறி இறங்குகிறது. அம்மா இவ்வளவு நன்றாக மூச்சு விட்டு நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கிவிடுகிறேன். என் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. டாக்டரம்மா இரண்டு முறை அளந்து பார்த்துவிட்டு, "என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். அம்மாவைப் பார்த்தேன் என்று சொன்னேன்.

பகலில்தான் படுக்கை காலியாக இருக்கிறது. அம்மாவை எங்கே உட்கார வைக்கிறீர்கள்?

இதை அம்மாவிடம் படியுங்கள்: அம்மா, இப்படியே மூச்சு விடு.

உங்கள் மகள்


மார்ச் 9

என் வாலுக்கு,

உன் கடிதம் வந்தது. அந்தக் கடைசி வரியை அம்மாவிடம் படித்தேன். மறுபடியும் படித்தேன். கண்ணை மூடித் திறந்தாள்.

பகலில் முன்னறை ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கிறேன். வெளிச்சம் நல்லது என்று யாரோ சொன்னார்கள். சித்தி வந்திருக்கிறாள், ஒத்தாசைக்கு. வந்ததிலிருந்து என் சமையலைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். காது கேட்காததில் இப்படியும் ஒரு லாபம் உண்டு.

உன் ரத்த அழுத்தம் இறங்கியது கேட்டு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அதையே பார்த்துக்கொண்டு படுத்திரு. வேறு எதையும் யோசிக்காதே.

ஒரு சந்தேகம். கோடு ராத்திரி முழுக்க இருக்க வேண்டுமா? நடுவில் கொஞ்ச நேரம் இல்லாமல் போனால் பயந்துவிடுவாயா? அல்லது விடியும்வரை இருந்தால்தான் உனக்குத் தூக்கம் வருமா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கடிதம் சின்னதாக இருக்கிறது என்று நினைக்காதே. பேனா எழுதவில்லை.

உன் அப்பா


மார்ச் 15

அப்பா,

சித்தியிடம் ஒரே ஒரு வரிதான் சொல்லி அனுப்பினேன்: இன்று இரவு அந்தப் படுக்கை காலியாக இருக்க வேண்டும். அதை அவள் சிலேட்டில் எழுதி உங்களிடம் காட்டியிருப்பாள். அவளிடம் சொல்ல முடியாததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

உங்கள் ரப்பர் விரிப்பு மெத்தை நழுவாமல் இருக்க இல்லை. மேலே படுத்திருப்பவரின் எடையை அது அளக்கிறது. ராடார் மூச்சைச் சொல்லும், விரிப்பு எடையைச் சொல்லும், இரண்டையும் ஒரே திரையில் காட்டுவது எங்கள் திட்டம். அந்த வேலை போன வாரம்தான் முடிந்தது. என் கூட வேலை செய்கிறவள் ஆசையாக அனுப்பிவைத்தாள், "உங்கம்மா ராத்திரியில மட்டும் எழுபத்தெட்டு கிலோ இருக்காங்களா?" என்று கேட்டு. விரிப்பில் ஏதோ கோளாறு என்று அவளுக்கு எண்ணம். எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. எலும்பும் தோலுமாக இருக்கும் அம்மா எங்கே, எழுபத்தெட்டு எங்கே.

அப்புறம் பழைய கோடுகளை எடுத்துப் பார்த்தேன். இடையிடையே மூச்சு தட்டி நின்று, பிறகு பெரிதாக இழுக்கிறது. அது குறட்டை. அம்மாவுக்குக் குறட்டை கிடையாது. இதே வேலையில் சம்பளம் வாங்குகிறவள் நான். என் அப்பாவின் குறட்டையைப் பார்த்து, அம்மா தேறிவிட்டாள் என்று டாக்டரிடம் பெருமையடித்தேன்.

சித்திக்குப் போன் செய்தேன். "அக்கா நல்லாத் தூங்குறா" என்றாள். பொய் சொன்னால் அவளுக்குத் தும்மல் வரும், உங்களுக்கே தெரியும். மூன்று தும்மல். அதற்குப் பிறகு அழுதுவிட்டுச் சொன்னாள். நுரையீரலில் சளி கட்டி அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். பகலெல்லாம் நீங்கள் பக்கத்தில். இருட்டியதும் சித்தியை உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் கட்டிலில் படுத்துக்கொள்கிறீர்கள். எனக்காக.

அம்மா அங்கே மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு மூச்சு விட்டுக் காட்டினீர்களா? அவள் கண்ணைத் திறந்து தேடினால் உங்களைத்தானே தேடுவாள்? எந்த உரிமையில் அவளிடமிருந்து உங்களை எடுத்து எனக்குக் கொடுத்தீர்கள்?

நேற்று நான் எழுந்து பையை எடுத்தேன். வாசல்வரை நடந்தேன். இவர் தடுக்கவில்லை. கதவைத் திறந்துவைத்து, "நீயே முடிவு பண்ணு. நான் எதுக்கும் கூட வரேன்" என்றார். வயிற்றில் குழந்தை புரண்டது. நான் திரும்பி வந்து படுத்துவிட்டேன். இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. உங்கள்மேல் கோபப்பட்டால் கொஞ்சம் தாங்க முடிகிறது, அதனால் கோபப்படுகிறேன்.

இன்று இரவு திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதில் ஒன்றும் வராவிட்டால் நீங்கள் அம்மாவோடு இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதைப் பார்த்தால்தான் நான் தூங்குவேன்.

உங்கள் மகள்


மார்ச் 19

என் வாலுக்கு,

முழங்காலில் அட்டை வைத்து, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். படுக்கை காலியாக இருந்ததா? சித்தி சிலேட்டைக் காட்டியதிலிருந்து நான் வீட்டுப்பக்கமே போகவில்லை. குளிப்பதும் இங்கேதான். என் சட்டையைப் பார்த்து நர்ஸம்மா ஒரு சோப்பு கொடுத்திருக்கிறாள்.

நீ திட்டியது எல்லாம் சரி. அதற்கு நான் எதிர்வாதம் செய்யவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காய்ச்சல் ஏறி அவளை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போகும்போது, வாசற்படியில் திருப்புகிற சமயத்தில், அவள் இடது கையைத் தூக்கி அந்தப் பெட்டியைக் காட்டினாள். அதை எடுத்து வா என்றாளா, அணைத்துவிடு என்றாளா, இருக்கட்டும் விடு என்றாளா, எனக்குத் தெரியாது. வாயால் சொன்ன காலத்திலேயே அவள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்ளாதவன் நான். இருக்கட்டும் விடு என்றுதான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். இருட்டில் அந்தப் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உன் திரையில் இப்போது ஒன்றும் இருக்காது, பார்த்துவிட்டுக் கட்டிலிலிருந்து குதித்துவிடுவாய் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் படுத்துவிட்டுப் போகலாம் என்று படுத்தேன். ஓடி அலைந்த உடம்பு, தூங்கிவிட்டேன். பிறகு உன் கடிதம் வந்தது, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது என்று. இந்த வயதுவரை என் மூச்சை யாரும் அப்படிப் பாராட்டியதில்லை. அதற்கப்புறம் நிறுத்தத் தைரியம் வரவில்லை. போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, ஒழுங்காக மூச்சு விடுடா என்று எனக்கே சொல்லிக்கொண்டு கிடந்தேன்.

இங்கே அவளைச் சுற்றி நிறையக் கருவிகள். விரலில் ஒரு கவ்வி, அதில் சிவப்பு வெளிச்சம். அது ரத்தத்தின் நிறத்தைப் பார்த்து, காற்று போதுமா என்று சொல்கிறதாம். மார்பில் ஒட்டியிருக்கும் வில்லைகள் இதயத்தின் கரண்டைப் பார்க்கின்றனவாம். கரண்ட் என்றதும் ஃபியூஸுக்கு உற்சாகம் வந்து எல்லாவற்றையும் எனக்கு விளக்கினார். ஒவ்வொன்றும் ஒன்றைத்தான் சொல்கிறது, நீ எழுதிய மாதிரியே. டாக்டர்தான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். அதற்குச் சிலேட்டு தேவைப்படவில்லை.

உன்னை வா என்று கூப்பிட என்னால் முடியாது. வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்று மட்டும் செய்தேன். வீட்டிலிருந்து பெட்டியைக் கழற்றிக் கொண்டுவரும்படி ஃபியூஸிடம் சொன்னேன். தலைமை நர்ஸ் இடுப்பில் கையை வைத்து நின்றாள். அவள் சொன்னதைச் சித்தி எழுதிக் காட்டினாள்: "ஏற்கெனவே இத்தனை வயர் இருக்கு, இது வேற எதுக்கு?"

"இதுக்கு வயர் ஒட்ட வேண்டாம்மா. இவ பொண்ணு இதுக்குள்ள உக்காந்திருக்கா" என்றேன்.

கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். சித்திதான் அவளைத் தனியாகக் கூட்டிப்போய் உன் கதையைச் சொன்னாள். நர்ஸ் திரும்பி வந்து மூலையைக் காட்டினாள். "அந்த ஸ்டாண்டுல மாட்டுங்க. டாக்டர் கேட்டா எனக்குத் தெரியாது" என்றாளாம். மாப்பிள்ளை போனில் சொல்லச் சொல்ல ஃபியூஸ் மாட்டிவிட்டார். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் இருக்கிறேன். குறுக்கே வந்தால் சித்தியிடம் சொல், நகர்ந்துகொள்கிறேன்.

இனிமேல் வருவது அவளுடையதுதான்.

உன் அப்பா


மார்ச் 30

அப்பா,

நீங்கள் குறுக்கே வரவில்லை. நகர வேண்டியிருக்கவும் இல்லை. பெட்டிக்கு அம்மா கிட்டத்தில், நீங்கள் எட்டத்தில். தூரம் வேறு வேறாக இருந்தால் ராடார் இருவரையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே தூரத்தில் இருந்திருந்தால் கலந்து போயிருப்பீர்கள். மேலே அம்மாவின் கோடு, கீழே உங்களுடையது. நாள் முழுக்க இரண்டையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அம்மாவுடையது சின்னது. சில நேரம் கழித்துக் கழித்து வந்தது. உங்களுடையது பெரிது, முரட்டுத்தனமானது. அவளுக்கு இருமல் வந்தால் உங்களுடையது குலுங்கும், எழுந்து எதையோ எடுக்கிறீர்கள் என்று தெரியும். ஒரு மத்தியானம் இரண்டும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கின. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் தலையைத் தடவினார்.

நான் திரையைப் பார்த்து அம்மாவோடு பேசினேன். கோடு அங்கிருந்து இங்கே வருமே தவிர இங்கிருந்து அங்கே எதையும் கொண்டு போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசினேன். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. குழந்தை புரளும்போது எந்தப் பக்கம் புரளுகிறது என்று சொன்னேன்.

அம்மா போன அன்று காலையிலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சித்தியின் போன் அதற்கு வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. நான் எடுக்கவில்லை, இவர்தான் எடுத்தார். எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் அங்கே இருந்தேன் அப்பா. இதை நீங்கள் நம்ப வேண்டும். அந்தப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி நர்ஸிடம் மல்லுக்கு நின்றீர்களே, அதனால் நான் அங்கே இருந்தேன். உங்கள்மேல் கோபம் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகும். கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும்.

ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மாவின் கோடு ஏறவில்லை. இப்போது ஏறும், இப்போது ஏறும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்களுடையதும் நின்றுவிட்டது. இரண்டும் தட்டையாக ஓடின. கருவி கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன், அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இல்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, கருவி வேலை செய்துகொண்டிருந்தது. உங்களுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று கத்திவிட்டேன். அதற்கப்புறம் கீழே ஒரு பெரிய மேடு, இதுவரை நான் உங்களிடம் பார்க்காத அளவு, ஏறி இறங்கியது.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது? சொல்லப் பிடிக்கவில்லையென்றால் வேண்டாம்.

உங்கள் மகள்


ஏப்ரல் 6

என் வாலுக்கு,

வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சித்தி மட்டும் இருக்கிறாள். அம்மாவின் உடைகளை மடித்து வைக்கிறேன் என்று அலமாரியைத் திறக்கிறாள், மூடிவிடுகிறாள்.

நீ அங்கே இருந்தாய் என்று எழுதியதை நம்புகிறேன். அதை எழுதியதற்கு நன்றி என்று மகளிடம் சொல்வார்களா, தெரியாது. சொல்லிவிட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

அன்று காலையில் அவள் மூச்சு அவ்வளவு மெலிந்துவிட்டது. காதை வைத்துக் கேட்க எனக்கு வழியில்லை. தலைமாட்டில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவை குறைகின்றன என்று தெரிந்தது, அதற்குமேல் படிக்கத் தெரியவில்லை. அதனால் எட்டிக் குனிந்து அவள் மார்பில் உள்ளங்கையை வைத்தேன். ஏதோ அசைந்தது. இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம் சந்தேகம் வந்தது. அசைவது அவள் மார்பா, என் மூச்சில் என் கையே ஆடுகிறதா? தகரம் அடித்த கை, அது எதை நம்பும்? நான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்வரை அவளுடையது எது என்று எனக்குத் தெரியாது.

அதனால் என்னுடையதை நிறுத்தினேன்.

கை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வரும், இப்படித்தான் முன்பும் கழித்துக் கழித்து வந்தது என்று பொறுத்திருந்தேன். நான் விட்டுவிட்டால், அந்த நேரம் பார்த்து அவளுடையது வந்து, எனக்குத் தெரியாமல் போய்விடுமே என்று விடாமல் இருந்தேன். கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது.

யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். தலைமை நர்ஸ். அவள் வாய் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அப்புறம் அவளுக்கே புரிந்து, என் முகத்துக்கு நேரே நின்று, தன் நெஞ்சில் கையை வைத்து மூச்சைப் பெரிதாக இழுத்து, மெதுவாக விட்டுக் காட்டினாள்.

அவளைப் பார்த்து நானும் அதே மாதிரி இழுத்தேன். விட்டேன்.

உன் அப்பா